பெற்றோரின் தியேட்டர் நினைவுகளைக் கேட்டு எழுதிவைப்பது எப்படி

"சின்ன வயதில் நீங்கள் பார்த்த முதல் படம் எது?" என்று என் அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஞாபகம் இல்லப்பா" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, கேள்வியை மாற்றி, "செந்தூல் ரயில்வே குடியிருப்பிலிருந்து தியேட்டருக்கு எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். போகும்போது பஸ், வரும்போது நடை என்பதையும், பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில்தான் கச்சாங் பூத்தே என்னும் கடலைத் தின்பண்டம் வாங்கினார்கள் என்பதையும், தூங்கிப்போன சித்தியைத் தாத்தா தோளில் போட்டுக்கொண்டு கோலாலம்பூரின் ஈப்போ சாலை வழியாக இருட்டில் நடந்து வந்ததையும் அன்றுதான் முதன்முதலாக அறிந்தேன். அன்று அவர்கள் பார்த்த படம் எது என்பது அம்மாவுக்கு இன்றுவரை நினைவில்லை.

இந்தக் குறிப்புகளில் நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் இருக்கிறது. பழைய தியேட்டர் நினைவுகளைத் திரட்ட விரும்புகிறவர்கள் படத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். போன வழியையும் வந்த வழியையும், கையில் இருந்த காசையும், பக்கத்தில் உட்கார்ந்தவரையும் பற்றிக் கேளுங்கள். படத்தின் பெயர் வர வேண்டுமானால் தானாக வரும். கோலாலம்பூரில் நம் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த நினைவுகளைக் கேட்டு, சரிபார்த்து, பேரப்பிள்ளைகள் படிக்கும்படி எழுதிவைக்க நான் கற்றுக்கொண்ட வழிமுறைகளைக் கீழே தருகிறேன்.

கேட்கப் போகும் முன்

பெரியவர்கள் சொல்லும் ஊர் இன்றைய பெயர்ப்பலகைகளில் இல்லாத ஊர். அவர்கள் "பத்து ரோடு" என்பார்கள். அது இன்று ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். கேம்பல் ரோடு இப்போது ஜாலான் டாங் வாங்கி. பிரிக்பீல்ட்ஸ் ரோடு ஜாலான் துன் சம்பந்தன். ஹை ஸ்ட்ரீட் ஜாலான் துன் எச். எஸ். லீ. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் நடுவில் "அது எந்த ரோடு?" என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் குறுக்கிட்டால், சொல்கிறவர் நினைவிலிருந்து வெளியே வந்துவிடுவார், பிறகு அந்த இடத்துக்கு அவரைத் திரும்ப அழைத்துப்போவது கடினம். எழுதும்போதும் ஒரு கவனம் தேவை. மலாயில் கல்லைக் குறிக்கும் batu என்ற சொல்லை நாம் பத்துமலை என்றும் பத்து ரோடு என்றும் எழுதுவதால், நாளை படிக்கப்போகும் பிள்ளை அதைப் பத்தாம் எண் சாலை என்று நினைத்துக்கொள்ளும். முதல் முறை வரும்போதே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

தியேட்டர்களின் பெயர்களிலும் குழப்பம் உண்டு. ஷா சகோதரர்களும், கோலாலம்பூரில் 1915-இல் பிறந்த லோக் வான் தோவின் கேத்தே நிறுவனமும் மலாயா, சிங்கப்பூர் முழுவதும் தியேட்டர்களை நடத்தி வந்தார்கள். ஒரே பெயர் பல ஊர்களில் பலகை ஏறியது. ரெக்ஸ் கோலாலம்பூரிலும் இருந்தது, பினாங்கிலும் இருந்தது, ஈப்போவிலும் இருந்தது. ஓடியனும் அப்படியே. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் படித்து, கோலாலம்பூரில் வேலைக்கு வந்த ஒரு மாமா "ரெக்ஸில் பார்த்தேன்" என்று சொன்னால், எந்த ஊர் ரெக்ஸ் என்று கேட்காமல் விடக்கூடாது. பெயர் இடம் மாறியதும் உண்டு. புக்கிட் பிந்தாங்கில் பெவிலியன் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு 2007-இல் திறந்த பேரங்காடி. அவர்களுடைய பாட்டிக்கு அது புடு பக்கத்து முனையில் இருந்த பழைய தியேட்டர். இரண்டும் ஒரே இடமும் இல்லை, ஒரே கட்டடமும் இல்லை.

சில கட்டடங்கள் இன்னும் நிற்பது நம் நல்லூழ். 1920-களின் தொடக்கத்தில் திறந்த கொலீசியம் பத்து ரோட்டில் இருக்கிறது. அதே காலத்து கொலீசியம் உணவகம் பக்கத்திலேயே உள்ளது. அதே சாலையில் கேம்பல் ரோட்டு முனையில் 1936-இல் ஓடியன் எழுந்தது. ஜாலான் சுல்தானில் ரெக்ஸ் 1947-இல் வந்தது. 1972-இல் ஒரு முறையும் 2002-இல் மறுமுறையும் தீப்பிடித்தது. இன்று அந்தக் கட்டடத்தில் புத்தகக் கடையும் கலை நிகழ்ச்சிகளுக்கான இடமும் உள்ளன. கட்டடம் முற்றிலும் அழிந்த பிறகும் பெயர் மட்டும் தங்கிவிடுவதும் உண்டு. பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் கறி லக்சா சாப்பிடப் போகிறவர்கள் "மெட்ராஸ் லேன்" என்று சொல்கிறார்களே, அது அங்கே இருந்து எரிந்துபோன மெட்ராஸ் தியேட்டரின் பெயர்தான். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் அங்கே போகும்போதெல்லாம் நினைப்பேன்.

கேட்கும் முறை

வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து தொடங்குங்கள். யார் யார் போனீர்கள்? என்ன உடுத்தினீர்கள்? எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? பஸ்ஸா, மூன்று சக்கரத் திரிஷாவா, சைக்கிளா, நடையா? தோட்டத்தில் வளர்ந்தவராக இருந்தால், பட்டணத்துக்கு லாரியில் வந்தார்களா, அல்லது படமே தோட்டத்துக்கு வந்ததா என்று கேளுங்கள். அரசாங்கத் தகவல் பகுதியின் வண்டி தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது என்பதைப் போன்ற செய்தி, படத்தின் பெயரைக் கேட்டு வராது; "எங்கே உட்கார்ந்தீர்கள்?" என்று கேட்டால்தான் வரும்.

அடுத்து, டிக்கெட் வாங்கிய இடத்தில் நிறுத்தி நிதானமாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் இதைப் போல நினைவு ஊறும் இடம் வேறில்லை. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கலாம். டிக்கெட் சன்னல் அவர் தலைக்கு மேலே இருந்தது. தாத்தா தூக்கிக் காட்டியபோது கம்பிக்குப் பின்னால் இருந்தவரின் முகம் தெரியவில்லையாம், கை மட்டும் தெரிந்ததாம். அந்தக் கைக்குக் கீழே கட்டம் போட்ட ஒரு பெரிய தாள். ஒவ்வொரு கட்டமும் ஓர் இருக்கை. தாத்தா எத்தனை பேர் என்று சொன்னதும், நீலப் பென்சில் வரிசையாக நான்கு கட்டங்களைக் குறுக்கே கோடிழுத்து அடித்தது. பிறகு அதே பென்சில் மெல்லிய காகித டிக்கெட்டில் இருக்கை எண்ணை எழுதியது. அந்த எண் எழுதும்போது தாள் கிழிந்துவிடுமோ என்று தான் பயந்ததாக அம்மா சொன்னார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, எங்கள் சமையலறை மேசையில் விரலை வைத்து அந்தக் கோட்டை இழுத்துக் காட்டினார். "அடித்த கட்டம் நம்முடையது" என்று தாத்தா சொன்னாராம். பள்ளியில் தப்பான விடையைத்தான் அப்படி அடிப்பார்கள் என்பதால் அம்மாவுக்கு அது புரியவே இல்லை.

இது போன்ற ஒரு நினைவு வரும்போது நீங்கள் செய்ய வேண்டியது பேசாமல் இருப்பதுதான். அவர் நிறுத்தினாலும் உடனே அடுத்த கேள்விக்குப் போக வேண்டாம். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் அடுத்த துண்டு வரும்.

காசைப் பற்றிக் கேட்கும்போது அவர்கள் பயன்படுத்தும் சொல்லிலேயே கேளுங்கள்: வெள்ளி (டாலர்), காசு (சென்ட்). மூன்றாம் வகுப்பு எத்தனை காசு, இரண்டாம் வகுப்பு எவ்வளவு, மேல்மாடியில் யார் உட்கார்ந்தார்கள், ஒருநாளாவது மேலே போனீர்களா? வகுப்பு என்ற சொல் இங்கே வெறும் இருக்கையைக் குறிக்கவில்லை. திரைக்கு மிக அருகில், கழுத்தை நிமிர்த்திப் பார்த்த வரிசையில் உட்கார்ந்தவர்கள் யார், மாடியில் உட்கார்ந்தவர்கள் யார் என்பதைக் கேட்டால், அந்தக் காலத்துச் சம்பளமும் சாதியும் வேலையும் அந்தஸ்தும் எல்லாம் வெளியே வந்துவிடும். சிலர் இதைச் சொல்லத் தயங்குவார்கள். தயக்கம் தெரிந்தால் வற்புறுத்தாதீர்கள், உணவுக்குப் போங்கள்.

உணவு என்றால் கச்சாங் பூத்தே. தட்டைத் தலையில் சுமந்தோ, மிதிவண்டியில் வைத்தோ தியேட்டர் வாசலில் நின்று விற்றவர்கள் நம்மவர்கள்தாம். கடலை, பட்டாணி, கொண்டைக்கடலை, முறுக்குத் துண்டு என்று தனித்தனிக் கூடுகளில் இருக்கும்; எது வேண்டும் என்று கேட்டு அள்ளிப்போட்டுத் தருவார்கள். பழைய தாளைக் கூம்பாகச் சுற்றிக் கீழ்நுனியை மடித்துத் தருவதைப் பலரும் சொல்வார்கள். நீங்கள் அதோடு நில்லாமல், "அது என்ன தாள்?" என்று கேளுங்கள். யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டுப் புத்தகத் தாள் என்று அம்மா சொன்னார். கடலை தீர்ந்ததும் கூம்பைப் பிரித்து, இடைவேளை வெளிச்சத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பாராம்.

உள்ளே போன பிறகு கேட்கத்தக்கவை பல. நாற்காலி மரமா மெத்தையா, மூட்டைப்பூச்சி கடித்ததா, மின்விசிறி இருந்ததா, குளிர்சாதனம் எப்போது வந்தது, விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு இடம் காட்டியவர் எப்படிப்பட்டவர், சிகரெட் புகை ஒளிக்கற்றையில் சுருண்டதைப் பார்த்திருக்கிறீர்களா, தேசியகீதம் ஒலித்தபோது எழுந்து நின்றீர்களா, பாட்டுப் புத்தகம் வாங்கினீர்களா. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டுவிட வேண்டாம். ஓர் அமர்வுக்கு ஒரு மணி நேரம் போதும். மூத்தவர்கள் களைத்துப்போனால் நம்மை மகிழ்விப்பதற்காகவே "ஆமாம், ஆமாம்" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அந்த "ஆமாம்" எதற்கும் பயன்படாது. இதே காரணத்தால், விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பதையும் தவிர்க்க வேண்டும். "அப்போது மூட்டைப்பூச்சி நிறைய இருக்குமே?" என்பதைவிட "நாற்காலி எப்படி இருக்கும்?" என்பதே சரியான கேள்வி.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்தால் அப்பாதான் பேசுவார், அம்மா தலையசைப்பார். திருமணத்துக்கு முன் யாருடன் போக அனுமதி கிடைத்தது, எந்தக் காட்சிக்குப் போகலாம், எந்தக் காட்சிக்குப் போகக்கூடாது, பெண் பார்த்த பிறகு இரு வீட்டாரும் சேர்ந்து படத்துக்குப் போனார்களா என்பவற்றையெல்லாம் பெண்கள் தங்களுக்குள் பேசும்போதுதான் சொல்வார்கள். என் சகோதரி கேட்டபோது கிடைத்த செய்திகளில் பாதிகூட எனக்குக் கிடைத்ததில்லை.

1969 மே 13-ஐப் பற்றி ஒரு சொல். அன்று மாலை கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டு ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. படம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லையே என்று வாசலில் நின்ற குடும்பங்கள் உண்டு. தியேட்டர் நினைவுகளைக் கேட்கும்போது இந்த நாள் எதிர்பாராமல் வந்து நிற்கும். நீங்களாக அதைத் தூண்ட வேண்டாம். அவராகச் சொன்னால், ஒலிப்பதிவை நிறுத்தட்டுமா என்று ஒரு முறை கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். எழுதுவதற்கென்று இல்லாமல், கேட்பதற்கென்று மட்டும் சில நினைவுகள் இருக்கின்றன.

தியேட்டரில் வேலை செய்தவர் கிடைத்தால்

இவர்கள் அரிதானவர்கள், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் வெறுங்கையோடு போகாமல், அவருடைய தொழிலைச் சற்றுத் தெரிந்துகொண்டு போனால் மதிப்போடு பேசுவார். 35 மில்லிமீட்டர் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஓடும். ஆகவே 2,000 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மூன்று மணி நேரத் தமிழ்ப்படத்துக்கு அப்படி எட்டு அல்லது ஒன்பது சுருள்கள் தேவை. அதனால்தான் இரண்டு இயந்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் சுருள் முடியப்போகும்போது திரையின் வலப்பக்க மேல்மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னி மறையும்; அதைக் கண்டதும் ஆபரேட்டர் அடுத்த இயந்திரத்தை ஓடவிடுவார்; சில நொடிகளில் இரண்டாவது வட்டம் வரும்போது ஒளியை மாற்றிவிடுவார். மக்கள் கதையில் மூழ்கியிருக்க, ஒருவர் மட்டும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய இயந்திரங்களில் விளக்கு கிடையாது. இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரியும் சுடர்தான் ஒளி. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்; கவனம் தப்பினால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். 1950-களின் தொடக்கம்வரை வந்த பழைய நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் இயந்திர அறை ஓர் அடுப்பைப் போலவே கண்காணிக்கப்பட்டது. இவற்றைத் தெரிந்துகொண்டு, "கரிக்குச்சி ஒன்று எத்தனை நேரம் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது அவர் முகத்தில் வரும் மாற்றத்துக்காகவே நீங்கள் மறுபடியும் போவீர்கள். சுருள் பெட்டியை மோட்டார் சைக்கிளில் ஒரு தியேட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனவர்களைப் பற்றியும், அது நேரத்துக்கு வராமல்போன நாள் என்ன நடந்தது என்பதைப் பற்றியும் கேட்க மறக்காதீர்கள்.

ஒலிப்பதிவும் தாள்களும்

கைத்தொலைபேசியே போதுமானது. அதை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நடுவில் யாராவது அழைத்துப் பதிவு நின்றுவிடும். மேசையின்மேல் மடித்த துண்டை விரித்து அதன்மேல் தொலைபேசியை வையுங்கள்; மேசையைத் தட்டும் ஓசை குறையும். மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். என் பெரியப்பாவிடம் நான் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்ததில், விசிறி ஓசைக்கு நடுவே அவர் குரல் தூரத்து வானொலி போலத்தான் கேட்கிறது. மறுபடி பதிவு செய்யலாம் என்று இருந்தேன். அந்தத் தீபாவளிக்குள் அவர் காலமாகிவிட்டார். ஆகவே முதல் இரண்டு நிமிடங்களைப் பதிவு செய்து, போட்டுக் கேட்டுவிட்டு, அதன்பிறகு தொடருங்கள்.

பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேசுகிறவரின் பெயர், பிறந்த ஆண்டு ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லுங்கள். கோப்பின் பெயரிலும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைப் போடுங்கள். ஒரு நகலை உடன்பிறந்தவர் ஒருவரின் கணினியில் வைக்கச் சொல்லுங்கள். யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டக்கூடாது என்பதைப் பேசியவரிடமே கேட்டு, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தாள்களைப் பற்றி நான் வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. என் அப்பா தாம் பார்த்த படங்களின் கிழிந்த டிக்கெட்டுகளைப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஒட்டிவைத்திருந்தார். அது பாழாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் நான் அதை ஒரு நகல் கடையில் கொடுத்துப் பக்கம் பக்கமாக லேமினேட் செய்யச் சொன்னேன். சூட்டில் டிக்கெட்டுகளின் நிறம் மங்கி, கையால் எழுதிய எண்கள் பல மறைந்துவிட்டன. ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியாது. எந்தப் பழைய தாளையும் லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டுநாடாவும் ஒட்டாதீர்கள். முதலில் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் இருபுறமும் ஸ்கேன் செய்யுங்கள். டிக்கெட்டின் பின்பக்கத்தில்தான் சில நேரம் வீட்டுக் கணக்கு இருக்கும். பிறகு அமிலமற்ற தாள் உறையில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள பெட்டியில் போட்டு, அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் வருவதற்கு ஒரு மழைக்காலம் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

காலத்தையும் இடத்தையும் சரிபார்த்தல்

பெரியவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டால் பெரும்பாலும் தவறான ஆண்டுதான் வரும். "அதற்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேளுங்கள். ஜப்பான்காரன் காலம் 1941 திசம்பர் முதல் 1945 வரை, மலாயாவில் அவசரகாலம் 1948 முதல் 1960 வரை, சுதந்திரம் 1957, தொலைக்காட்சி வந்தது 1963 திசம்பரில், கோலாலம்பூர் வெள்ளம் 1971 சனவரியில், வண்ணத் தொலைக்காட்சி 1978 இறுதியில். இவற்றோடு வீட்டுக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தம்பி பிறந்தது, தாத்தா ஓய்வுபெற்றது, அக்காவின் திருமணம். இரண்டு முளைகளுக்கு நடுவில் நினைவைக் கட்டிவிட்டால் ஓராண்டு இப்படி அப்படி இருந்தாலும் பாதகமில்லை. எங்கள் வீட்டார் தியேட்டருக்குப் போவது குறைந்ததை அம்மா இப்படித்தான் கணக்கிட்டார்: பக்கத்து வீட்டில் வீடியோ டெக் வாங்கிய பிறகு. எந்த ஆண்டு என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

இடத்தைச் சரிபார்க்கவும் இதே முறைதான். "பத்து ரோட்டுத் தியேட்டர்" என்று அம்மா சொன்னதைப் பல ஆண்டுகளாக நான் கொலீசியம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள், வெளியே வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று கேட்டேன். "முனையிலேதானே இருக்கு, ரெண்டு பக்கமும் ரோடு" என்றார். முனையில் இருப்பது ஓடியன். முடிந்தால் அவரை அங்கேயே அழைத்துப்போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நெரிசல் குறைவாக இருக்கும். எதிர்ப்பக்க நடைபாதையில் நிழலில் நிறுத்தி, குடையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு, அவராகக் கையை நீட்டும்வரை காத்திருங்கள்.

பிறகு செய்தித்தாள்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. தமிழ் முரசும், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும், பினாங்கு இதழ்கள் சிலவும் அதில் இருக்கின்றன. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன நம் தமிழ் நேசன் போன்றவற்றுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் விசாரியுங்கள். பழைய தமிழ் இதழ்களில் சொல்லைப் போட்டுத் தேடுவதைவிட நாளைப் போட்டுத் தேடுவது நல்லது. துதிக்கை வைத்த பழைய லை, ணை எழுத்துகளைக் கணினி சரியாக வாசிப்பதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வார இதழ்களிலிருந்து தொடங்குங்கள். விளம்பரத்தில் தியேட்டரின் பெயரும் காட்சி நேரமும் இருந்தால், உங்கள் பெரியவரின் நினைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒப்பிடும்போது இரண்டும் பொருந்தாமல் போகலாம். அப்போது பெரியவரைத் திருத்த வேண்டாம். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிவிட்டு, அடுத்த வரியில் செய்தித்தாள் சொல்வதையும் எழுதுங்கள். "நாற்பது காசு" என்று அவர் சொல்லி, விளம்பரம் வேறு விலை காட்டினாலும், அவர் கையில் இறுக்கிப் பிடித்திருந்தது நாற்பது காசாகவே இருந்திருக்கலாம்.

எழுதிய பிறகு

பேச்சை அப்படியே எழுத்தாக்குவதா, திருத்தமாக எழுதுவதா என்று பலர் கேட்கிறார்கள். கதையை நீங்கள் நல்ல தமிழில் எழுதுங்கள். அவர் வாய்ச்சொல்லாக வரும் வரிகளை மட்டும் மாற்றாமல் விடுங்கள். மலாய்ச் சொல், ஆங்கிலச் சொல், தோட்டத்துச் சொல் எது வந்தாலும் நீக்க வேண்டாம். "இடைவேளையில் தின்பண்டம் உண்டோம்" என்று நீங்கள் மாற்றி எழுதிய வரியில் உங்கள் அம்மா இருக்கமாட்டார்.

எழுதி முடித்ததும், அச்சிட்டுக் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல், நீங்களே அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். கண் மங்கியவர்களுக்கு இது வசதி என்பது ஒரு காரணம். காதால் கேட்கும்போது தவறு உடனே உறுத்தும் என்பது இன்னொரு காரணம். நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, நீலப் பென்சிலையும் கூம்பையும் பற்றிய பகுதிகளில் சிரித்துக்கொண்டே இருந்தார். "தாத்தா எங்களுக்கெல்லாம் டிக்கெட் வாங்கிக் கொடுப்பார்" என்ற வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"வாங்குனது அப்பா. காசு எங்கம்மாவோடது."

பாட்டி கோழி வளர்த்து முட்டை விற்ற காசைப் பால் டின்னில் போட்டு வைத்திருந்தார். படத்துக்குப் போகும் நாளில் அதைக் கவிழ்த்து எண்ணிக் கொடுத்துவிட்டுத் தான் வீட்டிலேயே இருந்துவிடுவார். ஐந்தாவது டிக்கெட்டுக்குக் காசு இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார் அம்மா. கோழியை அடைக்க ஆள் வேண்டும் என்று பாட்டி சொல்வாராம். நான்கு கட்டங்களை அடித்த பென்சிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்த எனக்கு, ஏன் நான்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் கேள்விப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அன்று வீட்டில் இருந்தவர் யார்?